ஒரு வானம், இரண்டு பஞ்சாங்கம்

2025 மார்ச் மாதம் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகளிலும் ராசிபலன் பக்கங்களிலும் ஒரே பேச்சாக இருந்தது: 29ஆம் தேதி, சனிக்கிழமை, சனி பகவான் கும்பத்தை விட்டு மீனத்துக்குப் பெயர்கிறார். பரிகாரம் செய்யத் திருநள்ளாற்றுக்கு வண்டி பிடிக்கப் பலரும் ஆயத்தமானார்கள். நன்னிலத்திலிருந்து வடக்கே பூந்தோட்டம், பேரளம் என்று போய்க் கிழக்கே திரும்பினால் காரைக்கால் எல்லைக்குள் வரும் ஊர் அது. கோயில் நிர்வாகமோ அமைதியாக ஓர் அறிவிப்பை வெளியிட்டது. இந்தக் கோயிலில் வாக்கியப் பஞ்சாங்கமே வழக்கம். அதன்படி சனிப்பெயர்ச்சி இந்த ஆண்டு இல்லை, 2026இல்தான். வாக்கியம் காட்டிய நாள் 2026 மார்ச் 6.

மார்ச் 29 என்று சொன்னது இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றும் திருக்கணிதப் பஞ்சாங்கம். இந்த முறை மட்டும் வந்த வேறுபாடு இல்லை இது. முந்தைய பெயர்ச்சி திருக்கணிதத்துக்கு 2023 ஜனவரி 17, வாக்கியத்துக்கு 2023 டிசம்பர் 20. அதற்கும் முந்தையது ஒன்றுக்கு 2020 ஜனவரி 24, மற்றதற்கு 2020 டிசம்பர் 27. வானத்தில் இருக்கும் சனி ஒன்றுதான். பஞ்சாங்கத்துச் சனிகள் இரண்டும் ஏறக்குறைய பதினோரு மாத இடைவெளியில் நடக்கின்றன.

மேலோட்டமாகப் பார்த்தால் அறிவியலுக்கும் நம்பிக்கைக்கும் நடக்கும் வழக்கமான இழுபறி போலத் தோன்றும். வரலாற்றைப் புரட்டினால் படம் மாறிவிடுகிறது. தொலைநோக்கியின் பக்கம் நின்றவர்களும் பழைய வாக்கியத்தின் பக்கம் நின்றவர்களும் குடுமியும் பஞ்சகச்சமுமாக இருந்த வைதிகர்களே. திதி பார்க்க வேண்டுமா என்று எவரும் கேட்கவில்லை. எந்தத் திதி என்பதுதான் கேள்வி.

வாக்கிய முறையின் நுட்பம் அசாதாரணமானது. சந்திரன் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நகரும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். பூமிக்கு அருகில் வரும்போது விரையும், விலகும்போது தளரும். இந்த ஏற்ற இறக்கம் ஒரு சுற்று வர ஏறக்குறைய 27.55 நாள் ஆகும். அப்படி ஒன்பது சுற்றுகள் சேர்ந்தால் மிகத் துல்லியமாக 248 நாள். ஆகவே 248 நாளுக்கும் சந்திரனின் இருப்பிடத்தைக் கணித்து வைத்துவிட்டால் போதும், அதன் பிறகு பழைய வரிசையே திரும்ப வரும். அந்த 248 எண்களையும் எழுத்துக்கு ஓர் எண் என்ற கடபயாதி முறையில் 248 சிறு சமஸ்கிருத வாக்கியங்களாக அமைத்தார்கள். முதல் வாக்கியத்தைப் பிரித்தால் 12 பாகை 3 கலை என்று வரும். இவற்றை வரருசியின் பெயரால் வழங்குவது மரபு. சூரியனுக்கும் ஐந்து கிரகங்களுக்கும் இதே பாணியில் வாக்கியங்கள் உண்டு. ‘வாக்கியகரணம்’ என்ற கணித நூல் 13ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டித் தமிழகத்தில் எழுந்தது. மனப்பாடம் செய்த பிள்ளைக்குக் கருவி வேண்டாம், ஏடு வேண்டாம். கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் பஞ்சாங்கம் போட்டுவிடலாம்.

இந்த முறை ஐரோப்பியரைத் திகைக்க வைத்தது. 1769இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்து, அன்று மேகம் மூடியதால் ஏமாந்துபோன பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில், அந்தக் காத்திருப்பில் ஒரு தமிழரிடம் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை எடுத்துக்கொண்டு ஒப்பிட்டார். கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துச் சொல்லியிருந்தது; அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணை எனப்பட்ட டோபியாஸ் மேயரின் கணக்கு 68 விநாடி கூட்டிச் சொல்லியிருந்தது.

சென்னை வானாய்வகத்தில் சில ஆண்டுகள் பொறுப்பு வகித்த ஜான் வாரன், 1825இல் ‘கால சங்கலித’ என்ற பெருநூலை வெளியிட்டார். அதே ஆண்டு புதுச்சேரியில் அவர் சந்தித்த ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனத்தில் இருந்த அட்டவணைகளை மட்டும் வைத்து, மே 31, ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். வாரனின் எழுத்துக்கூட்டலிலிருந்து அவர் பெயரைச் சாமிநாதன் சேஷையா என்று படிக்கலாம். கணக்கின் தத்துவத்தைப் பற்றி அவருக்கு அக்கறையில்லை. விடை மட்டும் வந்தது. கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகு. நூறாண்டுகளுக்கு மேல் கழித்து இந்தக் குறிப்பைப் படித்த கணித வரலாற்றாசிரியர் ஆட்டோ நியூகபாவர், பண்டைய பாபிலோனிய, கிரேக்கக் கணிதத் தடங்கள் இந்தச் சோழிகள் வரை அறுபடாமல் வந்திருப்பதைக் கண்டு 1952இல் ‘தமிழ் வானியல்’ என்று ஒரு கட்டுரையே எழுதினார்.

அப்படியானால் பிழை எங்கே? வாக்கியம் அளக்கப்பட்டது கிரகணத்துக்காக. சந்திரனின் ஓட்டத்தில் ஏற்ற இறக்கம் ஒன்று மட்டும் இல்லை. சூரியனின் ஈர்ப்பால் வரும் வேறு சில ஆட்டங்களும் உண்டு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அந்த ஆட்டங்கள் முதல் கணக்கோடு கலந்து மறைந்துவிடும். நடுவில், அஷ்டமியை ஒட்டிய நாட்களில், முழு வீச்சில் வெளிப்படும். எனவே கிரகணத்தை நன்றாகச் சொல்லும் அதே வாக்கியம் அஷ்டமி, நவமி தொடங்கும் நேரத்தை ஐந்து மணி நேரம் வரை தவறாகச் சொல்ல முடியும். வீட்டு விசேஷங்களில் பாதி இந்த இடத்தில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது. கண்ணன் பிறந்தது அஷ்டமி, இராமன் பிறந்தது நவமி. பூந்தோட்டத்தை அடுத்த கூத்தனூரில் சரஸ்வதிக்குத் தனிக் கோயில் இருக்கிறது. டெல்டாவின் மாணவர்கள் தேர்வுக்கு முன் பேனாவும் நோட்டுப் புத்தகமும் வைத்து வணங்கும் இடம். அந்தச் சரஸ்வதிக்குரிய பூஜையும் நவமியில்தான்.

கிரகங்களில் நடப்பது வேறு வகைப் பிழை. சனி வானத்தை ஒருமுறை சுற்ற 29.5 ஆண்டு. அதன் சராசரி வேகத்தில் மிகச் சிறிய பிசகு இருந்தாலும் நூற்றாண்டுகள் திரளத் திரள அது பாகைக் கணக்கில் வந்து நிற்கும். ஆண்டின் நீளமும் அப்படித்தான். ஆரியபட மரபில் ஓராண்டு என்பது 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. இன்றைய அளவீட்டோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 3 நிமிடம் 20 விநாடி அதிகம். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டில் அது மூன்று நாளைத் தாண்டிவிடுகிறது.

பிசகு வரும், வந்தால் திருத்த வேண்டும் என்பது மரபுக்குத் தெரியாத சங்கதி இல்லை. கேரளத்தில் பரமேசுவரன் பல பத்தாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொண்டு, 1431இல் ‘திருக்கணிதம்’ என்ற நூலில் பழைய அளவைகளைத் திருத்தினார். அவர் மரபில் வந்த நீலகண்ட சோமயாஜி, வேள்வி செய்த நம்பூதிரி, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ஜோதிர்மீமாம்சை’ எழுதினார். சித்தாந்தம் ஒருமுறை அருளப்பட்டு முடிந்துபோனது என்று நினைப்பவர்களை அதில் அவர் மறுக்கிறார். பார்ப்பதும் ஒப்பிடுவதும் திருத்துவதும் சாஸ்திரத்தின் வேலையே என்பது அவர் வாதம். வாக்கியகரணத்துக்கு உரை எழுதிய தமிழகத்துச் சுந்தரராஜர், ஐயங்களை எழுதி அனுப்பி நீலகண்டரிடம் விடை பெற்றவர். ஆனால் கேரளத்தில் வந்த திருத்தம் தமிழகத்தின் அன்றாடப் பஞ்சாங்கத்தில் நிலைக்கவில்லை. இங்கே பழைய வாக்கியம் அப்படியே ஓடியது.

முதல் பெரிய அடி யாழ்ப்பாணத்தில் விழுந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் அமெரிக்க மிஷனரி டேனியல் பூவர் வானியல் கற்பித்தார். 1829 மார்ச் 20இல் வந்த சந்திர கிரகணத்துக்கு அப்பகுதியின் புகழ்பெற்ற பஞ்சாங்கக்காரர் விசுவநாத சாஸ்திரியார் ஒரு கணக்குச் சொல்லியிருந்தார். பூவரின் கணக்கு வேறு. ஊரே பார்த்துக்கொண்டிருக்கப் பூவரின் கணக்கு மெய்யானது. மிஷனரிகள் இதைத் தங்கள் மதத்தின் வெற்றியாகவே பரப்பினார்கள். புராணத்து ராகு பொய்யென்றால் புராணமே பொய் என்பது அவர்கள் வாதத்தின் போக்கு. செமினரியின் தலைவராக இருந்த ஹொய்சிங்டன், தமிழ்ச் சோதிட கணிதத்தைக் கற்று 1848இல் ‘கீழை வானியலாளர்’ என்று பொருள்படும் தலைப்பில் மூலமும் மொழிபெயர்ப்புமாக ஒரு நூலும் பதிப்பித்தார். இப்படி வானியல் மதமாற்றத்தின் கைக்கருவியாக வந்து சேர்ந்ததுதான், அடுத்த தலைமுறை வைதிகர்களுக்குத் திருத்தம் என்ற சொல்லே கசந்ததற்கு ஒரு காரணம்.

தஞ்சாவூரில் அதே காலத்தில் வேறொரு வழி திறந்திருந்தது. இரண்டாம் சரபோஜி, சுவார்ட்ஸ் பாதிரியாரின் கவனிப்பில் படித்தவர். பூமி உருண்டை என்பதும் அது சூரியனைச் சுற்றுகிறது என்பதும் அவருக்குப் பாலபாடம். மராத்தியில் அவர் இயற்றிய ‘தேவேந்திரக் குறவஞ்சி’யில் குறத்தி குறி சொல்லும் சாக்கில் உலகப் பூகோளத்தைச் சொல்கிறாள். அவருடைய அரண்மனைப் பள்ளியிலும் சத்திரப் பள்ளிகளிலும் பழைய கல்வியும் புதிய கல்வியும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. அதே சரபோஜி 1820இல் பெரும் பரிவாரத்தோடு காசி யாத்திரை கிளம்பினார், கோயில்களுக்குத் திருப்பணி செய்தார், பரம்பரைத் தர்மத்தை ஒரு நூலிழையும் விடவில்லை. புதிய பூகோளம் வந்ததால் பழைய கடவுள் போக வேண்டியதில்லை என்று மிஷனரியிடம் படித்த மன்னர் நடந்து காட்டினார்.

பஞ்சாங்கத்துக்குள் அந்தத் துணிவைக் கொண்டுவந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து, சென்னை வானாய்வகத்தில் சிறு வேலையில் சேர்ந்து, முதல் உதவியாளர் பதவி வரை உயர்ந்தவர். 1867இல் ரெடிக்குலம் விண்மீன் தொகுதியில் ஒளி மாறும் ஒரு விண்மீனைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க வனபர்த்திக்குப் போன குழுவை நடத்தினார். 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினர் ஆனார். 1874 டிசம்பர் 9இல் வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்ததைப் பொதுமக்களுக்கு விளக்கப் பல மொழிகளில் நூல் வெளியிட்டார். கப்பலோட்டிகளுக்காக இங்கிலாந்தில் ஆண்டுதோறும் அச்சாகும் நாட்டிகல் அல்மனாக் கணக்கை அடிப்படையாகக் கொண்டு திருக்கணிதப் பஞ்சாங்கமும் வெளியிட்டார். நெற்றியில் நாமம் மாறவில்லை, அனுஷ்டானம் மாறவில்லை. சரியான நேரத்தில் செய்யாத கர்மம் பலன் தராது என்பதுதான் அவருடைய கவலை.

காவிரிக் கரையும் பின்தங்கவில்லை. தஞ்சை மாவட்டத்துச் சுந்தரேசுவர சிரௌதிகளும் வேங்கடேசுவர தீட்சிதரும் 1870களிலேயே திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டார்கள். பட்டப் பெயர்களைப் பார்த்தாலே தெரியும், இருவரும் அக்கினி வளர்த்த வழியினர். காசியில் பாபுதேவ சாஸ்திரி, மராட்டியத்தில் கேரோ லட்சுமண் சத்ரே ஆகியோரும் ஏறக்குறைய அந்த ஆண்டுகளில்தான் இதே வேலையைச் செய்தார்கள்.

எதிர்த்தவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அவர்கள் பிடித்த பிடி ஒரு பழைய விதி: பாண விருத்தி, ரச க்ஷயம். பாணம் ஐந்து, ரசம் ஆறு. 60 நாழிகைத் திதி ஐந்து நாழிகைக்கு மேல் நீளக் கூடாது, ஆறு நாழிகைக்கு மேல் குறையக் கூடாது. சிரார்த்தம் எந்த நாளில், ஏகாதசி உபவாசம் எந்த நாளில் என்று தர்ம சாஸ்திரங்கள் வகுத்த தீர்மானங்களெல்லாம் இந்த எல்லைக்குள் அமைந்தவை என்பது அவர்கள் கட்சி. திருக்கணிதத் திதியோ அந்த எல்லையைத் தாண்டி நீளும், குறுகும். இரண்டாவது வாதம் இன்னும் ஆழமானது. கிரகணம் கண்ணுக்குத் தெரிவது. அதற்குக் கண்ணே பிரமாணம், வெள்ளைக்காரன் கணக்கையும் எடுத்துக்கொள்ளலாம். திதியின் பலன் கண்ணுக்குத் தெரியாதது. அதற்குச் சாஸ்திரமே பிரமாணம், முன்னோர் எந்த அளவால் அளந்தார்களோ அதே அளவு. லண்டனில் அட்டவணையைத் திருத்தும்போதெல்லாம் திருவாரூரில் அப்பாவின் திதியை மாற்றிக்கொண்டிருக்க முடியுமா என்ற கேள்விக்குத் திருக்கணிதக்காரர்களால் சாஸ்திரத்திலிருந்து பதில் சொல்ல முடிந்தது, எல்லாரையும் சம்மதிக்க வைக்க முடியவில்லை.

பழைய கணக்கைக் காப்பாற்றியவர்களுக்கு வரலாற்று ஆய்வாளர்களும் கடன்பட்டிருக்கிறார்கள். சோழர் கல்வெட்டுகளில் ஆட்சியாண்டோடு மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் பொறித்திருக்கும். அவற்றை ஆங்கிலத் தேதியாக்க வேண்டுமானால் அன்றைய கணியன் எந்த முறையில் போட்டானோ அந்த முறையிலேயே போட வேண்டும். இன்றைய துல்லியக் கணக்கு விளிம்பில் இருக்கும் திதியை அடுத்த நாளுக்குத் தள்ளிவிடலாம். எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை, பின்னாளில் சென்னைச் சட்டமன்றத் தலைவரானவர், கத்தோலிக்கர், இந்த வேலைக்காகவே பழைய சித்தாந்தங்களைக் கற்று 1922இல் பல தொகுதிகளாக ‘இந்திய எபிமெரிஸ்’ என்ற நாட்கணக்கு அட்டவணை நூலை வெளியிட்டார். கல்வெட்டாய்வாளர் மேசையில் இன்றும் இருக்கும் நூல் அது.

சுதந்திர இந்தியாவில் அரசே பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்தது. 1952இல் இயற்பியலாளர் மேகநாத் சாஹா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைந்தது. நாடு முழுவதும் சுமார் 30 வகை நாட்காட்டிகள் புழங்குவதை அது பட்டியலிட்டது. சாஹா எதையும் சுற்றி வளைத்துப் பேசுபவர் இல்லை: சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 22ஐ ஒட்டி, உத்தராயணம் என்று நாம் கொண்டாடுவது ஜனவரி 14ஐ ஒட்டி, இந்த இடைவெளி மேலும் விரிந்தால் பண்டிகைகள் பருவத்தை விட்டே விலகிப்போகும். குழுவின் 1955 அறிக்கைப்படி 1957 மார்ச் 22இல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. வருடப் பிறப்பை மார்ச்சுக்கு நகர்த்திய சீர்திருத்தவாதிகள், சமயப் பண்டிகைகளின் மாதங்கள் மேற்கொண்டு விலகாதபடி ஒரு நிலையான அளவோடு நிறுத்திக்கொண்டு, பழைய இடத்துக்கு இழுக்காமல் விட்டார்கள். அந்தத் தேசிய நாட்காட்டியின் தேதியை அரசிதழில் பார்க்கலாம், வானொலி அறிவிப்பில் கேட்கலாம். நன்னிலம் கடைத்தெருவில் யாரும் கேட்டு வாங்குவதில்லை.

அரசு கைவைத்த மற்ற இடங்களிலும் கதை இதேதான். 2001இல் பல்கலைக்கழக மானியக் குழு ஜோதிடத்தைப் பட்டப் படிப்பாக்க முன்வந்தபோது விஞ்ஞானிகள் எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 2004இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. தமிழ்நாட்டில் 2008இல் கொண்டுவந்த சட்டம் தமிழ்ப் புத்தாண்டைச் சித்திரை முதல் நாளிலிருந்து தை முதல் நாளுக்கு மாற்றியது. 2011இல் அடுத்து வந்த ஆட்சி அதை ரத்து செய்தது. அந்த மூன்று ஆண்டுகளிலும் சித்திரை முதல் நாளில் கோயில்களில் பஞ்சாங்கம் படிப்பது நிற்கவில்லை: இந்த ஆண்டுக்கு ராஜா எந்தக் கிரகம், மந்திரி யார், எத்தனை மரக்கால் மழை.

மழையையும் தண்ணீரையும் பொறுத்தவரை டெல்டா விவசாயி எப்போதோ தன் வழியைத் தீர்மானித்துவிட்டார். சித்திரையில் நல்லேர் கட்டப் பஞ்சாங்கத்தில் நாள் பார்ப்பார். குறுவைக்கு நாற்றங்கால் விடுவது மேட்டூரைப் பொறுத்தது. 1934இல் கட்டி முடிந்த அந்த அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12, அது எந்தத் திதி என்று நீர்வளத் துறை பார்ப்பதில்லை, விவசாயியும் கேட்பதில்லை.

இப்படித்தான் பஞ்சாங்கங்களும் பங்கு பிரித்துக்கொண்டன. சிவன் கோயில் திருவிழாக்களும் திருநள்ளாற்றுப் பெயர்ச்சியும் வாக்கியத்தின் கையில். கிரகணம் என்று வந்தால் வாக்கியம் போடுகிறவர்களில் பலரும் திருக்கணித நேரத்தையே அச்சிடுகிறார்கள். பிழை வந்தால் தெருவில் நிற்பவனுக்கே தெரிந்துவிடும் இடம் அது. யாழ்ப்பாணத்தில் புத்தாண்டு பிறக்கும் நேரத்தைப் பத்திரிகைகள் வாக்கியப்படி ஒன்று, திருக்கணிதப்படி ஒன்று என்று இரண்டாகப் போடுகின்றன. ஜாதகம் கணிக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் திருக்கணிதத்துக்கு மாறிவிட்டன. அதனால் வீட்டு ஜோசியர் கணினியில் எடுத்துக் கொடுத்த ஜாதகத்துக்கு ஒரு தேதியில் ஏழரைச் சனி தொடங்குகிறது, பரிகாரம் செய்யப் போகும் கோயிலில் பதினோரு மாதம் கழித்து. காவிரிப் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் அண்ணன் வாக்கியப்படியும் தம்பி திருக்கணிதப்படியும் தகப்பனாருக்குத் திதி கொடுக்கிறார்கள். வருகிற சாஸ்திரிகள் இரண்டு வீட்டுக்கும் ஒருவரே. யார் வீட்டில் எந்தப் பஞ்சாங்கம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த நாளில் வந்து நடத்திவைத்துவிட்டுப் போகிறார்.